பாறணைக்குப் பிறகு எடுத்த இரத்தம்

அண்ணை சாப்பிடுவதைப் பார்த்தால் எனக்கு எரியும். நண்டை ஓட்டோடு பல்லால் உடைத்து, குழம்பை விரலால் வழித்து, ஆட்டெலும்பை உறிஞ்சி, அதற்கு மேல் முட்டைப் பொரியலும் போட்டுக்கொண்டுதான் எழும்புவார். ஐம்பத்தைந்து வயது. பருத்தித்துறை பஸ் ஓட்டுகிறார். நாள் முழுக்க இருந்த இடத்தில் வேலை. வயிறு ஸ்டியரிங்கில் முட்டும். மாரடைப்பு வந்ததோ அவர் தங்கச்சி எனக்கு.

நான் அச்சுவேலியில் மிளகாயும் மாவும் அரைக்கிற ஆலை வைத்திருக்கிறேன். மூட்டை தூக்குகிறேன். விடியற்காலையில் எழும்பி ஆலையைக் கூட்டுகிறேன். இறைச்சி எப்போதாவதுதான். என் உடம்பில் தட்டினால் எலும்புதான் கேட்கும். நாற்பத்தாறு வயதில் ஒரு நாள் மிளகாய் மூட்டையை இறக்கி வைத்தபோது நெஞ்சுக்குள் யாரோ கல்லை ஏற்றி வைத்த மாதிரி இருந்தது. அரைக்க வந்திருந்த பெண்கள் வாய்வு என்றார்கள். நானும் வாய்வு என்றுதான் சொன்னேன். உள்ளியைச் சுட்டுத் தின்று, இஞ்சித் தேத்தண்ணி குடித்து, மிச்சத்தையும் அரைத்துக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள்தான் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அதற்குள் இதயத்தில் ஒரு துண்டு செத்துவிட்டது. அடைத்த இரத்தக் குழாயைத் திறந்து உள்ளே ஒரு சின்னக் கம்பி வலை வைத்து அனுப்பினார்கள்.

அப்போது எடுத்த இரத்தத்தில் கெட்ட கொழுப்பு முந்நூறுக்குக் கிட்ட இருந்தது. மருந்து தந்தார்கள். கொஞ்ச நாள் கழித்து கிளினிக்கில் ஒரு புது டொக்டர் வந்தார். மீசை கூடச் சரியாக முளைக்காத ஆள். அவர் என் நெஞ்சைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டுக் குதிக்காலுக்கு மேலே உள்ள நரம்பை இரண்டு விரலால் பிடித்து அமுக்கினார்.

"உது எவ்வளவு காலமா உப்பிடித் தடிச்சிருக்கு?"

"அது வருத்தமில்லை. எங்கடை அப்பான்ரை கால்," என்றேன்.

"அப்பா இருக்கிறாரோ?"

"இல்லை. காங்கேசன்துறையிலை வேலைக்குப் போகேக்கை சைக்கிளோடை விழுந்தவர். எழும்பேல்லை."

"என்ன வயசு?"

"நாப்பத்துமூண்டு."

அவர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். இது நான் தின்று வந்த வருத்தம் இல்லையாம். அப்பாவிடமிருந்து வந்ததாம். இரத்தத்தில் ஓடும் கெட்ட கொழுப்பை ஈரல்தான் பிடித்து உள்ளே இழுக்க வேண்டுமாம். என் ஈரலில் அதைப் பிடிக்கிற கைகளில் பாதி பிறந்ததிலிருந்தே வேலை செய்யவில்லையாம். மிஞ்சுகிற கொழுப்பு குழாயில் படியும், நரம்பில் படியும். என் குதிக்காலில் இருந்தது அதுதான். சின்ன வயதில் ஊர்ச் சனம் என் காலைப் பார்த்து, "தேப்பனை உரிச்சு வச்சிருக்கிறாள்" என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். அண்ணைக்கு அப்பாவின் நிறம், அப்பாவின் மூக்கு, அப்பாவின் உயரம். எனக்குக் குதிக்கால். அது போதும் என்று நான் சந்தோசப்பட்ட காலமும் இருந்தது.

"பிள்ளையள்?" என்று கேட்டார் டொக்டர்.

"ஒரு பொம்பிளைப்பிள்ளை. பத்தொன்பது."

"அவவுக்கும் பாக்கவேணும். பூவோ தலையோ மாதிரித்தான். இருக்கலாம், இல்லாமலும் விடலாம். உங்கடை அண்ணைக்கும் அப்பிடித்தான். ரெண்டு பேரையும் வெறும் வயித்தோடை இரத்தம் குடுக்கச் சொல்லுங்கோ."

பூவோ தலையோ. என் ஒரே பிள்ளையை அவர் காசு சுண்டுவது போலச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் பஸ்சில் வந்த தூரம் முழுக்க ஒன்றைத்தான் நினைத்தேன். மகளுக்கு இருக்கக் கூடாது. அதற்கு அடுத்தபடி நினைத்தது, அண்ணைக்கு இருக்க வேண்டும் என்று. ஏன் இருக்கக் கூடாது? ஒரே அப்பாவின் பிள்ளைகள்தானே. நல்லதெல்லாம் அவருக்கும் தடித்த நரம்பு எனக்கும் என்று யார் பங்கு பிரித்தது?

மகளின் அப்பா பிரான்ஸில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். அவருடைய பக்கத்து இரத்தம் நல்ல இரத்தம். எல்லோரும் தொண்ணூறு வயது வரை இருந்து சனத்தைக் கரைச்சல்படுத்துகிறவர்கள். பிள்ளைக்கு அதில் எவ்வளவு வந்தது என்று யாருக்குத் தெரியும்.

அண்ணைக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"இப்ப ஏலாதடி. கந்தசஷ்டி தொடங்குது. விரதம்," என்றார்.

"அப்ப விரதம் முடிய வாங்கோ."

"முடிஞ்ச உடனை வாறன். அதைவிட வெறும் வயிறு ஆருக்கு இருக்கப்போகுது?"

அவர் ஒவ்வொரு வருடமும் சந்நிதி முருகன் கோயிலில் போய்க் கிடந்து அந்த விரதம் பிடிக்கிறவர். வருடம் முழுக்க நண்டு தின்கிற மனிதர் அந்த நாட்களில் தண்ணீரும் மிளகும் தீர்த்தமுமாக இருப்பார். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு களை இருக்கும். சனம் கும்பிடும். அதற்கும் எனக்கு எரியும்.

சூரன்போர் முடிந்த மறுநாள் காலையில் அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்து ஆய்வுகூடத்தில் மூவரும் கூடினோம். ஒரு கடை அளவு இடம். நடுவில் கண்ணாடித் தடுப்பு. இந்தப் பக்கம் வருகிறவர்கள் இருக்க ஒரு நீள மர வாங்கு, அந்தப் பக்கம் இயந்திரங்கள். அண்ணை மார்பு முழுக்கத் திருநீறும் வெள்ளை வேட்டியுமாக வந்து இறங்கினார். இரத்தம் எடுக்கிற பெண் எழும்பி நின்று கதிரை போட்டாள். எனக்கும் மகளுக்கும் வாங்கு.

"ஐயா சாப்பிடேல்லைத்தானே?" என்று கேட்டாள்.

"ஆறு நாளா விரதம் பிள்ளை," என்றார் அண்ணை.

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்தத் திருநீற்றைப் பார்த்த பிறகு யார் கேட்பார்கள்?

மகளின் கையில் நரம்பு கிடைக்காமல் இரண்டு முறை குத்தினாள். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மருந்து கேட்கிறதா என்று பார்க்க என்னிடமும் எடுத்தாள். மூன்று பேரின் குழாய்களையும் அந்தப் பெண் கொஞ்ச நேரம் உறைய வைத்துவிட்டு, சுற்றுகிற இயந்திரத்தில் போட்டு மூடினாள். அது என் ஆலை மோட்டர் மாதிரி உறுமி, பிறகு மெல்ல அடங்கியது. இப்படிச் சுற்றினால் உறைந்த சிவப்பு அடியில் போய்விடும், மேலே மஞ்சள் தண்ணீர் தெளிந்து நிற்கும். அந்த மஞ்சள் தண்ணீரில்தான் கொழுப்பைப் பார்ப்பார்கள். குழாய்களை எடுத்து அவள் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

என்னுடையது தெளிந்த மஞ்சள். வெளிச்சம் ஊடே போனது. மகளுடையதும் அப்படியே. அண்ணையுடையது பால். அடியில் சிவப்பு, மேலே கட்டிப்பால். தேங்காய் பிழிந்து முதல் பால் எடுத்து ஊற்றி வைத்த மாதிரி.

நான் எழும்பிப் போய்க் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை.

"அண்ணை, வந்து பாருங்கோ. உங்களிலை பால் கறக்கலாம். பசு தேவையில்லை."

அவர் வந்து பார்த்தார். திருநீறு பூசிய நெற்றியில் வியர்வை துளிர்த்தது. "என்ன பிள்ளை உது?" என்றார்.

"என்னவோ? நண்டு. ஆட்டெலும்பு. முட்டைப் பொரியல். நான் சொல்லச் சொல்ல, உனக்கு வயித்தெரிச்சலடி எண்டு சொன்னனீங்கள்தானே? இப்ப பாருங்கோ. அப்பான்ரை பங்கு வந்திருக்கு."

"அம்மா, சும்மா இருங்கோ," என்று மகள் என் சீலைத் தலைப்பை இழுத்தாள். "மாமா பயப்பிடுறார்."

"பயப்பிடட்டும். நான் கஷ்டப்படேல்லையே?"

அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்ற சில நிமிடங்கள்தான் மாரடைப்புக்குப் பிறகு நான் உண்மையாகச் சந்தோசமாக இருந்த நேரம். மகளின் குழாயும் தெளிந்துதான் இருந்தது. என் கணக்கில் எல்லாம் சரியாக வந்துவிட்டது. பிள்ளைக்கு இல்லை. அண்ணைக்கு இருக்கிறது.

உள்ளே நின்ற பெண் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"ஐயா, இண்டைக்குக் காலமை ஒண்டும் சாப்பிடேல்லையோ?"

"இல்லை எண்டு சொன்னனான்தானே. விரதம்."

"விரதம் எப்ப முடிஞ்சது?"

"விடியத்தான். பாறணை முடிச்சுப்போட்டு அப்பிடியே வாறன்."

"பாறணைக்கு என்ன சாப்பிட்டனீங்கள்?"

அண்ணை அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். கோயிலில் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்ட மாதிரி. "பாறணையெண்டால் பாறணைதான். நெய் விட்ட சோறு. பருப்பு. கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், வடை. பாயாசம்."

"அது சாப்பாடு இல்லையோ மாமா?" என்றாள் மகள்.

"சாப்பாடோ? அது விரதத்தின்ரை கடைசிப் பகுதி. பாறணை இல்லாட்டி விரதம் விரதமே இல்லை."

அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். பாறணையை யாரும் தின்றதாகக் கணக்கு வைப்பதில்லை. விரதத்தின் முடிவு அது. ஆறு நாள் காய்ந்த வயிற்றில் விடியமுன் ஒரு வாளி நெய்யைக் கொட்டிவிட்டு, அதே விரதத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து கையை நீட்டியிருக்கிறார்.

"அதுதான் பால்," என்றாள் அந்தப் பெண். "இது இண்டைக்குச் சாப்பிட்ட கொழுப்பு, ஐயா. டொக்டர் தேடுறது வேறை. அது கூடினாலும் கண்ணுக்குத் தெரியாது. தண்ணி தெளிவாத்தான் நிக்கும்."

"அப்ப என்ரை பிள்ளையின்ரை?" என்று கேட்டேன்.

"தெளிவா இருந்தாப்போலை ஒண்டும் சொல்லேலாது, அன்ரி. உங்கடையும் தெளிவாத்தானே இருக்கு."

நான் போய் வாங்கில் இருந்தேன். அண்ணை நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியே, நெய்தானாம்," என்றார். அவருக்கு நிறம் திரும்பி வந்துவிட்டது. அதையும் உட்கார்ந்து பார்த்தேன்.

முடிவுகளைக் கொண்டு போய் டொக்டரிடம் கொடுத்தோம். அண்ணையுடையதில் கெட்ட கொழுப்பு என்கிற இடம் வெறுமையாக இருந்தது. பெரும்பாலும் அதை நேரே அளப்பதில்லையாம். மொத்தக் கொழுப்பிலிருந்து நல்லதையும் சாப்பாட்டுக் கொழுப்பில் ஒரு பங்கையும் கழித்து எடுக்கிற கணக்காம். சாப்பாட்டுக் கொழுப்பு அளவுக்கு மிஞ்சினால் அந்தக் கணக்குப் பொய் சொல்லுமாம். அண்ணையின் பாறணை கணக்கையே குழப்பிவிட்டது. மகளுடையது நூற்றைம்பத்தெட்டு. கூடவா என்றால் கூடத்தான். நிச்சயமா என்றால் இல்லை.

"தைரொயிட் குறைஞ்சாலும் இப்பிடிக் கூடும். அதையும் பாப்பம்," என்றார் டொக்டர். பார்த்தார்கள். மகளின் தைரொயிட் சரியாக இருந்தது. அது பிழையாக இருக்க வேண்டும் என்று நான் நேர்ந்திருந்தேன். என்ன தாய் நான், பிள்ளைக்கு வருத்தம் கேட்டு நேர்கிறேன் என்று தோன்றியது. இந்த வருத்தத்துக்கு அந்த வருத்தம் மேல் என்பதால் கேட்டேன்.

அண்ணை அடுத்த கிழமை உண்மையாகவே ஒன்றும் தின்னாமல் போய்த் திரும்ப இரத்தம் கொடுத்தார். கெட்ட கொழுப்பு நூற்றுநான்கு. மருந்து மாத்திரை இல்லாமல், அந்த வயிற்றோடு, அந்த வாயோடு. டொக்டர் அதைப் பார்த்துவிட்டு, இவருக்கு அப்பாவின் வருத்தம் இல்லை, இனித் தேடவும் தேவையில்லை, இவருடைய பிள்ளைகளுக்கும் பயமில்லை என்றார். மூன்று பிள்ளைகள். மூன்றுக்கும் ஒரே வரியில் விடுதலை.

அன்று பின்னேரம் அண்ணை ஆலைக்கு வந்தார். மோட்டர்சைக்கிள் கைபிடியில் ஒரு பை தொங்கியது. பைக்குள் நண்டு உயிரோடு கரகரவென்று பிறாண்டியது.

"பிள்ளைக்குக் குழம்பு வச்சுக் குடு," என்றார்.

"உதைக் கொண்டு போங்கோ."

"நல்ல நண்டடி. ஆத்துவாயிலை பிடிச்சது."

"கொண்டு போங்கோ எண்டு சொன்னனான். உங்கடை நூத்திநாலைக் கொண்டாட என்ரை வீட்டிலை அடுப்பு எரியாது."

அவர் பையை இறக்கவில்லை. "எனக்கு ஒண்டுமில்லை எண்டது உனக்குப் பொறுக்கேல்லை, என்ன?"

"ஓம். பொறுக்கேல்லை."

மிளகாய் அரைத்துக்கொண்டு நின்ற பெண் தும்முவதையும் மறந்து எங்களைப் பார்த்தாள். அண்ணை கோபிப்பார் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் மோட்டர்சைக்கிளில் இருந்தபடியே கீழே பார்த்துக்கொண்டு கதைத்தார்.

"அப்பா விழேக்கை நான் சைக்கிள் பாரிலை இருந்தனான். உனக்குத் தெரியும்தானே. எனக்கு மேலைதான் விழுந்தவர். நாப்பத்துமூண்டு வயசு முடியுமட்டும் பஸ்சை எடுக்கேக்கை ஒவ்வொரு நாளும் நினைச்சனான், இண்டைக்கு எத்தினை சனத்தோடை சாயப்போறனோ எண்டு. அந்த வயசு தாண்டின வருசம்தான் விரதம் தொடங்கினனான்."

அப்பா அவருக்கு மேலே விழுந்தது தெரியும். இந்தப் பயம் எனக்குத் தெரியாது. அவர் பக்திக்கு விரதம் பிடிக்கிறார் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

"அப்ப ஏன் ஒருநாளும் இரத்தம் குடுத்துப் பாக்கேல்லை?" என்று கேட்டேன்.

"பாத்தால் தெரிஞ்சுபோடுமே," என்றார்.

நண்டைக் கொண்டு போனார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்கிறேன், அவருக்கு வந்தது பயம் மட்டும். எனக்குப் பயமே வரவில்லை, நேரே வருத்தம்தான் வந்தது. இரண்டும் ஒன்றில்லை.

மகளுக்கு இனி மரபணுவைப் பார்த்தால்தான் நிச்சயம் தெரியும் என்றார் டொக்டர். ஊதா மூடிக் குழாயில் முதலில் என் இரத்தத்தை எடுத்தார்கள். அது கொழும்புக்குப் போய் அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போகுமாம். ஏன் என்னுடையது, பிள்ளையுடையதை அனுப்புங்கள் என்று சண்டை பிடித்தேன்.

"அம்மா, நீங்கள் மிளகாய் ஆலை வச்சிருக்கிறியள்தானே? ஆயிரம் மூட்டைக்குள்ளை ஒரு கல்லைத் தேடுறம் எண்டு வையுங்கோ. உங்களிலை கட்டாயம் கல்லு இருக்கு. எந்த மூட்டை, எந்த மூலை எண்டு உங்களிலை கண்டுபிடிச்சிட்டால், பிள்ளையிலை அந்த மூலையை மட்டும் பாத்தாக் காணும்."

அது விளங்கியது. கல் கிடந்த மிளகாய் என் ஆலைக் கல்லைத் தின்றிருக்கிறது.

மாதங்கள் போயின. நான் பிள்ளையின் காலைப் பார்க்கத் தொடங்கினேன். கிணற்றடியில் கால் கழுவும்போது பார்ப்பேன். படிக்கட்டில் ஏறும்போது பின்னால் நின்று பார்ப்பேன். அவளுடைய குதிக்கால் நரம்பு மெல்லியதாக, கயிறு மாதிரி இருந்தது. தகப்பனின் கால் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஆளிடமிருந்து எதையாவது பிள்ளை எடுத்திருக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக விரும்பினேன்.

"என்ரை காலை ஏன் எந்த நேரமும் பாக்கிறியள்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"வடிவா இருக்கு. அதுதான்."

"பொய். கல்லுத் தேடுறியள்."

என்னுடையது முதலில் வந்தது. டொக்டர், "கிடைச்சிட்டுது," என்றார், பரிசு விழுந்த மாதிரி. பிறகு பிள்ளையின் இரத்தம் போனது. அது வந்த நாள் டொக்டர் எழும்பி மின்விசிறியைக் கூட்டிவிட்டு வந்து இருந்தார். அவர் வாய் திறக்க முதலே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அதே இடத்திலை அதே பிழை. மகளுக்கும் இருக்கு."

நான் மேசையில் கையை அடித்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கெட்ட வார்த்தையாகத்தான் இருந்திருக்கும். வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிள்ளை அழவில்லை.

"இப்ப நான் என்ன செய்யவேணும்?" என்று கேட்டாள்.

"ஒவ்வொரு நாளும் ஒரு மாத்திரை. விடாமல். கல்யாணம் கட்டிப் பிள்ளைக்கு ஆயத்தமாகிறதெண்டால் முதலே எனக்குச் சொல்லவேணும், அப்ப நிப்பாட்டுவம். இப்பவே துவங்கினால் அம்மாவுக்கு வந்தது உங்களுக்கு வராமலே விடலாம்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"இருக்குமட்டும்."

"சரி," என்றாள்.

பஸ் நிலையத்தில் நின்றது அண்ணையின் பஸ். வேறு பஸ்சுக்கு நிற்கலாம் என்றேன். பிள்ளை கேட்காமல் ஏறி, ஓட்டுநருக்குப் பக்கத்துச் சீற்றில் இருந்தாள். அவர் எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கும் இருக்கு மாமா," என்றாள் பிள்ளை, மழை பெய்யுது என்று சொல்கிற மாதிரி.

அண்ணை எஞ்சினை நிற்பாட்டிவிட்டார். நேரமாகிவிட்டது என்று பின்னால் சனம் கத்தியது. கொண்டக்டர் இரண்டு முறை விசில் அடித்தார். அண்ணை இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி இருந்தார். பிறகு பஸ்சை எடுத்தார். அச்சுவேலி வரும்வரை ஒரு இடத்திலும் ஹோன் அடிக்கவில்லை. நாங்கள் இறங்கும்போது, "எனக்கு வந்திருக்கலாமடி," என்றார் என்னிடம்.

"ஓம். வந்திருக்கலாம்," என்றேன். வேறு என்ன சொல்ல?

அன்று சாப்பிட்ட பிறகு பிள்ளை முதல் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெள்ளை. உளுந்தை விடக் கொஞ்சம் பெரிது. பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன். பத்தொன்பது வயதில் நான் இதே ஆலையில் அம்மாவோடு மூட்டை தூக்கினேன். ஒருவரும் என் கையில் ஊசி குத்தவில்லை, என் இரத்தத்தைச் சுற்றிப் பார்க்கவில்லை, என் குதிக்காலை அமுக்கி இது என்ன என்று கேட்கவில்லை. கன்னத்தைத்தான் கிள்ளினார்கள். யாராவது அப்போது இந்த உளுந்துப் பருமன் மாத்திரையைத் தந்திருந்தால் என் இதயம் இன்று முழுதாக இருந்திருக்கும்.

"என்னம்மா முறைக்கிறியள்?" என்றாள்.

"விழுங்கு."

விழுங்கினாள். தண்ணீரைக் குடித்துவிட்டு நாக்கை நீட்டிக் காட்டினாள், சின்னப்பிள்ளை மாதிரி. நான் கோப்பையை வாங்கிக் கழுவிவிட்டு என் பெட்டியைத் திறந்தேன். எனக்குக் கை நிறைய மாத்திரை. அவளுக்கு ஒன்று. அண்ணையைப் பார்த்து எரிந்த அதே இடம்தான் எரிந்தது.